மாமனார் வீட்டில் பச்சை மீன் சாப்பிட்டோம், கல்லீரல் புழு வருமா? பையனையும் மாமனாரையும் நினைத்துத்தான் கேட்கிறேன்

மூங்கில்காடு கேட்கிறார்:

வணக்கம். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தாய்லாந்தின் வடகிழக்கில், கோன் கேனில் 6 ஆண்டுகளாக இருக்கிறேன். மனைவி இந்தப் பக்கத்துக்காரர், ஈசான் குடும்பம். மாமனாரின் கிராமம் கலாசின் மாகாணத்தில் இருக்கிறது, நெல் அறுப்பு சமயத்தில் எல்லோரும் அங்கே போய்விடுவோம். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படிப் போயிருந்தபோது வயலை ஒட்டிய குட்டையில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது, கையால் அள்ளுகிற அளவுக்கு விரல் நீளக் கெண்டை மீன்கள். மாமனாருக்கு 63 வயது, இன்னும் அறுவடைக்கு இறங்குகிறவர். அங்கேயே வரப்பில் உட்கார்ந்து செதில் உரசி, மரக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிக் கொத்தினார். எலுமிச்சை பிழிந்து, வறுத்து இடித்த அரிசிப் பொடி, மிளகாய்ப் பொடி, சின்ன வெங்காயம், புதினா எல்லாம் போட்டுப் பிசைந்தார். புளிப்புக்காகச் செவ்வெறும்பும் ஒரு பிடி போட்டார். கண்ணாடி மாதிரி இருந்த சதை எலுமிச்சை பட்டதும் வெளுத்தது. "பார், வெந்துவிட்டது" என்று என்னிடம் காட்டினார். இதுதான் கோய் பிளா.

மருமகன் மறுத்தால் நன்றாக இருக்காது என்று ஒட்டும் அரிசிச் சோற்றை உருட்டித் தொட்டு நானும் நான்கைந்து வாய் சாப்பிட்டேன். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 7 வயது மகனுக்குத் தாத்தா ஒரு உருண்டை ஊட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான் தடுக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஊர் திரும்பிய பிறகு பையனின் பள்ளியில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். 'பயாத் பை மாய் தாப்' என்று தலைப்பு, அடியில் ஒரு ஈரல் படம், அதற்குள் இலை மாதிரி புழுக்கள். மனைவியிடம் கேட்டால் "சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்ததுதான், யார் கேட்கிறார்கள்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவளுடைய பெரியப்பாவைப் பற்றிச் சொன்னாள். 58 வயதில் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்து அரித்துச் சொறிந்து புண்ணாகி, மூன்றே மாதத்தில் எலும்பும் தோலுமாகி இறந்துபோனாராம். ஊரில் 'ஈரல் நோய்' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவரும் என் மாமனாரும் ஒரே குட்டை மீனைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

எலுமிச்சையும் மிளகாயும் புழுவைக் கொல்லும் என்று அங்கே எல்லோரும் நம்புகிறார்கள், கூடவே லாவ் காவ் சாராயம் குடித்தால் நிச்சயம் செத்துவிடும் என்கிறார்கள். இதில் ஏதாவது உண்மை உண்டா? பையனுக்கு உடனே சோதனை செய்யலாமா, இல்லை மாத்திரை கொடுத்துவிடலாமா? மாமனாரிடம் பேசிப் பார்த்தேன், "என் அப்பா வாரம் இரண்டு தடவை சாப்பிட்டு 84 வயது வரை இருந்தார்" என்று சிரிக்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லை எழுதுகிறார்:

சகோ, பையனை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு உருண்டையில் புழு போயிருந்தாலும் அதைச் சரிசெய்துவிடலாம். உடனே கவனிக்க வேண்டியவர் உங்கள் மாமனார். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இது எனக்கு நெருக்கமான விஷயம். ஒட்டுண்ணி ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு உங்கள் பக்கத்துக் குளத்து மீன்களில் இந்தப் புழுவின் கூடுகளை எண்ணுவதுதான் என் வேலையாக இருந்தது.

எப்படி எண்ணுவோம் என்று சொன்னால் எலுமிச்சைக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மீனை அரைத்து, பெப்சினும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு 37 டிகிரி சூட்டில் வைப்போம், அதாவது குடுவைக்குள் ஒரு இரைப்பையையே உண்டாக்குகிறோம். கொஞ்ச நேரத்தில் சதை கரைந்து கூழாகிவிடும். அதைச் சல்லடையில் வடித்து, அடியில் தங்கியதை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் முட்டை வடிவத்தில் கூடுகள் கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். உள்ளே கருப்பாக ஒரு பெரிய பை தெரியும், அதைச் சுமந்துகொண்டு குஞ்சுப் புழு மெதுவாகப் புரண்டு படுக்கும். மீன் இருந்த இடம் தெரியவில்லை, புழு மட்டும் உயிரோடு இருக்கிறது! இரைப்பை அமிலத்தைக் கடந்து போவதற்கென்றே அமைந்த கூடு அது. எலுமிச்சைச் சாறு அதன் பக்கத்தில்கூட வராது. சதை வெளுப்பது மீனின் புரதம் மாறுவதால், கூட்டுக்குள் இருப்பதற்கு ஒன்றும் ஆவதில்லை. மிளகாய், சாராயம், எறும்பு எல்லாமே இப்படித்தான்.

கூடு எங்கே திறக்கும் என்றால், இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்த பிறகு. பித்தம் வந்து விழுகிற வாய் அங்கேதான் இருக்கிறது. குஞ்சுப் புழு அந்த வாய் வழியாக எதிரே ஏறிப் பித்தநாளத்துக்குள் போய்த் தங்கிவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வளர்ந்து முட்டை போடத் தொடங்கும். பெரிதான பிறகும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது, இலை மாதிரித் தட்டையாக இருக்கும். துண்டறிக்கையில் நீங்கள் பார்த்த தாய்ப் பெயருக்கே ஈரலின் இலைப்புழு என்றுதான் பொருள். தொந்தரவே கொடுக்காமல் பத்து ஆண்டுக்கு மேல் அங்கே இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வயிற்றுவலிகூட வராது.

ஆகவே பையனுக்கு இப்போது மலப் பரிசோதனை செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிடாதீர்கள், முட்டை வரவே இன்னும் நாள் ஆகவில்லை. சாப்பிட்ட நாளிலிருந்து ஆறு வாரமாவது கழித்துச் செய்யுங்கள். உங்களுக்கும் சேர்த்து. ஒரு மாதிரி போதாது, வேறு வேறு நாளில் இரண்டு மூன்று கொடுங்கள், ஏனென்றால் புழு ஒன்றிரண்டுதான் என்றால் முட்டை கண்ணில் படாமல் போய்விடும். கோன் கேன் பல்கலைக்கழகத்தில் சிறுநீரிலேயே புழுவின் தடயத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையும் உருவாக்கியிருக்கிறார்கள், நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பதால் அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாமனார். புழு பித்தநாளச் சுவரைப் பற்றிப் பற்றிப் புண்ணாக்குகிறது, அதோடு கிரானுலின் என்று ஒரு புரதத்தையும் சுரக்கிறது, அது நம் செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டும். புண், ஆறல், மறுபடி புண் என்று 30, 40 ஆண்டு ஓடினால் நாளத்தைச் சுற்றித் தழும்பு ஏறித் தடித்துப்போகும். சிலருக்கு அதிலிருந்து பித்தநாளப் புற்றுநோய் வரும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இந்தப் புழுவைப் புற்றுநோய் உண்டாக்கும் உயிரிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது, புகையிலை இருக்கிற அதே வகுப்பு. உலகத்திலேயே இந்தப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிற இடம் நீங்கள் இருக்கும் வடகிழக்குத் தாய்லாந்துதான்.

மாமனாரின் அப்பா 84 வரை இருந்தார் என்பது நடக்கக்கூடியதுதான், அவரோடு அதில் சண்டை போடாதீர்கள். புழு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் 1980களின் தொடக்கத்தில் வடகிழக்கில் மூன்றில் ஒருவருக்குப் புழு இருந்தது, 2009 கணக்கெடுப்பில்கூட ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு. இத்தனை லட்சம் பேரில் சிறு பங்குக்கு வந்தாலே ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவருக்கு என்ன நோய் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் மஞ்சள் கண், விடாத அரிப்பு, வெளுத்த மலம், கருத்த சிறுநீர் எல்லாம் பித்தநாளம் அடைபடும்போது வருகிறவை. அந்த நிலைக்கு வந்த பிறகு அறுவை சிகிச்சை செய்ய முடிகிறவர்கள் குறைவு. அறிகுறி வருவதற்கு முன்னால் பிடித்தால்தான் உண்டு, அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும், வலி கிடையாது, கால் மணி நேர வேலை.

கோன் கேனில் நரோங் குந்திகேவ் என்று ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், தன் அப்பா அம்மா இருவரையுமே ஈரலில் வந்த புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரும் அவருடைய குழுவினரும் 2013 முதல் காஸ்காப் என்ற திட்டத்தில் கிராமம் கிராமமாக ஸ்கேன் கருவியோடு போய் 40 வயது தாண்டியவர்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். மாமனாரை எப்படியாவது அந்த மாதிரி ஒரு பரிசோதனையில் படுக்க வைத்துவிடுங்கள்.

பாலத்தடி எழுதுகிறார்:

அண்ணா, நான் பாங்காக்கில் கட்டுமான வேலையில் இருக்கிறேன், எங்கள் தளத்தில் பாதிப் பேர் ஈசான்காரர்கள்தான். அவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதே இல்லை. ஊருக்குப் போனால் ஆசை தீரச் சாப்பிடுகிறார்கள், திரும்பி வந்து பிரசிகுவாண்டெல் மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள், முடிந்தது. மருந்தும் மலிவு. உங்கள் மாமனாரைக் காலம் பூராவும் சாப்பிட்டதை விடச் சொல்வதைவிட ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை வாங்கிக் கொடுப்பது சுலபம் இல்லையா? நானும் சில தடவை சாப்பிட்டிருக்கிறேன், ஒருமுறை குடற்புழு மாத்திரை போட்டதோடு சரி, நன்றாகத்தான் இருக்கிறேன்.

வில்லை எழுதுகிறார்:

தம்பி, நீங்கள் சொல்கிற இந்தப் பழக்கம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது, அதனால் கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்.

முதலில் உங்கள் மாத்திரை. கடையில் ஒரு வேளைக்குக் கொடுக்கிற வழக்கமான குடற்புழு மாத்திரை குடலில் இருப்பதற்கு. இந்தப் புழு இருப்பது பித்தநாளத்தில், அதை நம்பி இதை விட்டுவிட முடியாது. நீங்களும் ஒரு மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பிரசிகுவாண்டெல் சரியான மருந்துதான், மிக நல்ல மருந்து. எடைக்குத் தகுந்த அளவில் மருத்துவர் கொடுப்பார், பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். கசக்கும், அன்றைக்குத் தலை சுற்றும், குமட்டும், தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது. ஆனால் அது உடம்பில் அன்றைக்கு இருக்கிற புழுவைத்தான் கொல்லும். அடுத்த வாரம் சாப்பிட்டால் அடுத்த வாரமே புதுப் புழு ஏறும், உடம்பு எதிர்ப்புச் சக்தி எதையும் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் புழு சாகும்போது அதன் உடலிலிருந்து கசிகிறவற்றால் நாளம் மறுபடி அழற்சி கொள்கிறது. ஹாம்ஸ்டர் எலிகளுக்குத் தொற்று, மருந்து, மறுபடி தொற்று, மறுபடி மருந்து என்று செய்து பார்த்ததில் பித்தநாளம் மோசமாகத்தான் ஆனது. அதிகத் தடவை இந்த மாத்திரை போட்டவர்களிடம் புற்றுநோய் அதிகம் காணப்பட்டது என்று வடகிழக்கில் நடந்த சில ஆய்வுகளும் சொல்கின்றன. அதற்குக் காரணம் மாத்திரை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அதிகம் போடுகிறவர்கள் அதிகம் பச்சை மீன் சாப்பிடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் மாத்திரையைத் துணைக்கு வைத்துக்கொண்டு சாப்பிடுவது பாதுகாப்பு இல்லை என்பது இரண்டு வழியிலும் தெரிகிறது.

மூங்கில்காடு, உங்கள் பையனுக்கும் இதையேதான் சொல்வேன். சோதனையில் வந்தால் மருந்து கொடுங்கள், குழந்தைகளுக்கும் கொடுக்கக்கூடிய மருந்துதான். பயத்தில் நீங்களாகவே கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆற்றங்கரை அக்கா எழுதுகிறார்:

நான் மேகாங்குக்கு இந்தப் பக்கம், லாவோஸில் சம்பாசக் மாகாணத்தில் 9 ஆண்டு கிராமச் சுகாதார வேலை பார்த்தேன். இங்கேயும் அதே புழு, அதே கோய், அதே பேச்சு. தம்பி வில்லை சொன்ன அறிவியலுக்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மாமனாரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன்.

நான் போன புதிதில் படம் காட்டி, புழு காட்டி, செத்துப்போவீர்கள் என்று பயமுறுத்தினேன். கேட்டுவிட்டு எழுந்து போய் மீன் கொத்துவார்கள். ஒரு அறுப்புக் காலத்தில் அவர்களோடேயே வயலில் தங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. விடியலில் கிளம்பி இருட்டும்வரை வயலில் இருக்கிறார்கள், அங்கே அடுப்பு இல்லை, விறகு ஈரம், தண்ணீர் தூரம். குட்டையில் மீன் துள்ளுகிறது. பத்து நிமிடத்தில் ஒரு தட்டு தயாராகிவிடுகிறது, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைக்கிறார்கள். அதிலும் ஆண்கள் கூட்டத்தில் ஒருவன் மட்டும் "எனக்கு வேகவைத்துக் கொடுங்கள்" என்று சொல்ல முடியுமா? 'பச்சையாகத் தின்னுவது ஆம்பிளைச் சாப்பாடு' என்கிற பேச்சு வேறு. உங்களுக்கே மறுக்க வாய் வரவில்லை, 63 ஆண்டு அதில் ஊறியவருக்கு எப்படி வரும்?

அதனால் நான் சாப்பிடாதே என்று சொல்வதை விட்டுவிட்டேன். அதே கோயைச் சுடச்சுடச் செய்யலாம் என்று செய்து காட்டினேன். கொத்திய மீனை வாணலியில் போட்டு, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து, கிளறிக்கொண்டே இருங்கள், ஐந்து நிமிடத்தில் எல்லாமே வெளுத்து உதிரி உதிரியாக வந்துவிடும். இறக்கி ஆறிய பிறகுதான் எலுமிச்சை, அரிசிப் பொடி, வெங்காயம், புதினா. இந்த வரிசை முக்கியம், எலுமிச்சையை முதலில் ஊற்றிவிட்டுச் சூடு பண்ணினால் கசந்துபோகும், "வேகவைத்தால் நன்றாக இருக்காது" என்று பெரியவர்கள் சொல்வது பாதி இதனால்தான். வயலுக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்பு போனால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எங்கள் கிராமத்தில் மாறியவர்கள் அடுப்பு வந்ததால்தான் மாறினார்கள், என் பேச்சால் மாறியவர்கள் மிகக் கொஞ்சம்.

இன்னொன்று, பச்சை மீன் கொத்திய கத்தியையும் கட்டையையும் கழுவாமல் அதிலேயே கீரை நறுக்குவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் குடலையும் தலையையும் பூனைக்கும் நாய்க்கும் பச்சையாகப் போடுவார்கள், அவற்றுக்கும் இதே புழு வரும், அவையும் முட்டையை வெளியே கொண்டுவந்து போடும். வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா, அந்தத் தொட்டியை அள்ளுகிற வண்டிக்காரர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்பதையும் விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் வயலிலேயே கொட்டிக்கொண்டிருந்தார்கள். முட்டை தண்ணீரில் விழுந்தால் நெல்வயலில் இருக்கிற, சுண்டுவிரல் நகம் அளவு நத்தை அதைத் தின்னும், நத்தையிலிருந்து குஞ்சுகள் நீந்தி வந்து கெண்டை மீனுக்குள் புகுந்துவிடும், அந்த மீன் மறுபடி தட்டுக்கு வரும்.

மூங்கில்காடு எழுதுகிறார்:

அக்கா, வில்லை, இருவருக்கும் மிக்க நன்றி. அந்தக் குடுவை விஷயத்தை மனைவிக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன், அவள் உடனே தன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல் சிரிக்கவும் இல்லை.

இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டில் பிளா ரா என்கிற உப்பில் ஊறிய மீன் இல்லாமல் சமையலே கிடையாது, சோம் தாம் என்கிற பப்பாளிக்காய் சாலட்டில் அதுதான் உயிர். பிளா சோம் என்கிற புளித்த மீனும் வாங்குவோம். அவையும் பச்சை மீன்தானே? ஃப்ரிட்ஜில் உறைய வைத்த மீன் என்றால் பரவாயில்லையா?

வில்லை எழுதுகிறார்:

இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். பிளா ரா நிறைய உப்பில் மாதக்கணக்கில், நல்ல தயாரிப்பு என்றால் ஆறு மாதத்துக்கு மேல் ஊறுகிறது, அவ்வளவு உப்பில் அவ்வளவு நாள் கூடு தாங்காது. கொதிக்க வைத்து ஊற்றிக்கொண்டால் கேள்வியே இல்லை, கடைகளில் காய்ச்சிய பிளா ரா என்றே விற்கிறார்கள். பிளா சோம் அப்படி இல்லை. அது மூன்று நான்கு நாளில் புளித்துவிடும், உப்பும் குறைவு, உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். அதை நன்றாகப் பொரித்துத்தான் சாப்பிட வேண்டும். பொரிக்காமல் நறுக்கிப் போடுகிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

உறைய வைப்பது என்றால் மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம் முழுக்க இருக்க வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறை பல நேரம் அந்தக் குளிருக்குப் போவதில்லை, கதவை வேறு திறந்து திறந்து மூடுகிறோம், அதை நம்பாதீர்கள். சுடுவதிலும் கவனம் தேவை, வெளியே கருகி உள்ளே சதை முள்ளோடு ஒட்டிக்கொண்டிருந்தால் வேகவில்லை என்று அர்த்தம்.

அக்கா சொன்ன பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் புழுவின் அறிவியல் பெயர் ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி. அந்த விவெரினி மீன்பிடிப் பூனையின் பெயரிலிருந்து வந்தது, 1886-ல் பாரிஸ் விலங்குக்காட்சிசாலையில் இருந்த ஒரு மீன்பிடிப் பூனையின் உடலில்தான் இதை முதலில் கண்டார்கள். இதன் பங்காளியான சீனத்துக் கல்லீரல் புழுவை முதலில் கண்டது 1874-ல் கல்கத்தாவில், இறந்துபோன ஒரு சீனத் தச்சரின் பித்தநாளத்தில். ஆக இது நேற்று வந்த புழு இல்லை, ஆனால் விரட்ட முடியாததும் இல்லை. கோன் கேனுக்குத் தெற்கே லாவா ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பேராசிரியர் பஞ்சோப் ஸ்ரீபாவின் குழு மருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், ஊர்த் தன்னார்வலர்கள், மீனிலும் நத்தையிலும் கண்காணிப்பு என எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தது. பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று இருந்த கிராமங்களில் அது 10 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. பையன் வீட்டுக்குக் கொண்டுவந்த துண்டறிக்கை மாதிரியானவற்றுக்கும் அதில் பங்கு உண்டு, பத்திரமாக வைத்திருங்கள்.

பாலத்தடி எழுதுகிறார்:

வில்லை அண்ணா சொன்னபடி மலப் பரிசோதனை செய்தேன். எனக்கு இருக்கிறது. நம்பவே முடியவில்லை, ஒரு நாள்கூட உடம்புக்கு ஒன்று வந்ததில்லை. மாத்திரை போட்டாகிவிட்டது, அன்று முழுக்கத் தலை சுற்றிப் படுத்தே கிடந்தேன். தளத்தில் கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், மூன்று பேர் வருகிறேன் என்றார்கள்.

மூங்கில்காடு எழுதுகிறார்:

ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பையனுக்கு இரண்டு மாதிரி கொடுத்தோம், முட்டை இல்லை. எனக்கு இருந்தது, மருந்து சாப்பிட்டேன்.

மாமனாரை அழைத்துப் போவதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம், "மஞ்சள் காமாலை இல்லையே, வலி இல்லையே, எதற்கு ஸ்கேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவர் "பார், டாக்டரே சொல்லிவிட்டார்" என்று கிளம்பிவிட்டார். அப்புறம் மனைவி ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலரிடம் பேசி, பக்கத்து ஊருக்கு ஸ்கேன் குழு வருகிற நாளைத் தெரிந்துகொண்டு, மாமியாரையும் சேர்த்துக் கூட்டிப்போனாள். "அம்மாவுக்குத் துணைக்கு வாருங்கள்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள்.

மருத்துவர் இளம்பெண், ஈசான் பேச்சிலேயே பேசினார். திரையை அவர் பக்கம் திருப்பி, ஈரலுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்ட மாதிரி இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். நாளத்தைச் சுற்றித் தழும்பு ஏறியிருக்கிறது, கட்டி எதுவும் தெரியவில்லை, 6 மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்றார். மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா" என்று மட்டும் கேட்டார். மருத்துவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை. மாமியாருக்கு ஈரல் சுத்தமாக இருந்தது, அவர் பச்சையாகச் சாப்பிட்டதே இல்லையாம், இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாது.

வருகிற வழியில் அவராகவே வண்டியை நிறுத்தச் சொல்லி ஒற்றைத் தட்டு கேஸ் அடுப்பு ஒன்று வாங்கினார். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா சொன்ன வரிசையில் செய்தோம், எலுமிச்சையை அவரே பிழிந்தார். "உப்பு பத்தவில்லை" என்றார், வேறு குறை சொல்லவில்லை, தட்டைக் காலி செய்தார். அவருடைய கூட்டாளிகள் இன்னும் பச்சையாகத்தான் சாப்பிடுகிறார்கள், அவர்களோடு உட்காரும்போது என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஸ்கேன் தேதியைச் சமையலறைக் காலண்டரில் பையன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

ஆற்றங்கரை அக்கா எழுதுகிறார்:

ரொம்பச் சந்தோஷம் தம்பி. அந்தக் கூட்டாளிகளில் ஒருவரையாவது அடுத்த ஸ்கேனுக்கு மாமனாரையே கூட்டிவரச் சொல்லுங்கள், நீங்கள் கூப்பிட்டால் வர மாட்டார்கள். பையனுக்கு மூன்றாவது மாதிரியையும் மறக்காமல் கொடுத்துவிடுங்கள். உப்புக்குக் காய்ச்சிய பிளா ரா ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வோம்.